பாண் வரிசையும் பெற்றோல் வரிசையும்

எழுபதுகளின் தட்டுப்பாட்டைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது குரலில் துயரத்தைவிடப் பெருமைதான் தூக்கலாக இருக்கும். பட்டினிக் கதை வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருக்க, அவர்களோ வெங்காயம் விற்றுக் கல்வீடு கட்டியவரையும், செத்தல் மிளகாய்க் காசில் மகளைக் கரைசேர்த்தவரையும், துலாவை இழுத்து மடக்கிவிட்டு வாட்டர் பம்ப் வாங்கியவரையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கதைகளில் ஒன்றாவது அவர்கள் வீட்டிலும் இருக்கும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. அதையொட்டி உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் சீனியும் ஏறின. நாங்கள் விற்ற தேயிலைக்கு மட்டும் அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லாமற்போக, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கூப்பன் அரிசி குறைந்தது, கோதுமை மாவுக்கும் அளவு வந்தது, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகிறவர்களைத் தடுத்துச் சோதித்தார்கள், சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு கிடையாது. சிறுவர்களான எங்களுக்கு இந்தக் காரணங்கள் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாண் வரிசைதான். விடியுமுன்னரே பேக்கரி வாசலுக்குப் போய், ஏற்கெனவே வந்தவர்கள் இடம் பிடிக்க வைத்த கற்களுக்கும் உமல்களுக்கும் பின்னால் எங்கள் பையையும் வைத்துவிட்டு, பக்கத்து மதிலில் ஏறி இருந்துகொண்டு, உள்ளே போறணையிலிருந்து வரும் வாசத்தை மூக்கு முட்ட இழுத்தபடி, ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்தையும் சண்டையையும் பெரியவர்கள் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஒரு றாத்தல் பாணைக் கையில் வாங்கி, வீடு வந்து சேருமுன் அதன் மொறுமொறுத்த மூலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்ட ருசி, பிறகு எந்தப் பெரிய கடையின் பாணிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சீனி இல்லை என்பதற்காகத் தேநீர் நிற்கவில்லை. அம்மம்மா பனங்கட்டிக் குட்டானைப் பிரித்து, பாக்குவெட்டியால் நறுக்கி, ஆளுக்கொரு துண்டு உள்ளங்கையில் வைப்பார். "கொஞ்சங் கொஞ்சமாக் கடிச்சுக் குடி மோனை, ஒரே கடியிலை முடிச்சுப்போடாதை" என்பது தினமும் கேட்கிற வசனம். மரவள்ளிக் கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும், குரக்கன் பிட்டும், பின்னேரத்தில் ஒடியற் கூழும் என்று எங்கள் வயிறு நிறைந்துதான் இருந்தது. தோட்டம் இருந்தது, பனை இருந்தது, கிணறு இருந்தது. இறக்குமதி நின்றதால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எங்கள் தகப்பன்மார் கண்டிராத விலையும் இருந்தது.

அதே காலத்தில், 1974இல், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இறப்பு வீதம் மளமளவென்று ஏறியது. லயத்து மனிதர்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும்தான் அவர்களுடைய அடுப்பு. அது குறைந்தபோது பறித்துத் தின்னவோ கிண்டித் தின்னவோ அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிழைப்புத் தேடி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் அவர்களின் பிள்ளைகள் வேலைக்கு நின்றார்கள், எங்களைவிடச் சின்னப் பிள்ளைகள், முற்றம் கூட்டிக்கொண்டு. எங்கள் தோட்டத்தில் காசு பெருகியதற்கும் அவர்கள் வீட்டில் உலை காய்ந்ததற்கும் காரணம் ஒன்றேதான். எழுபதுகளைப் பொற்காலம் என்று சொல்கிற எவரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன வந்து கதவுகளைத் திறந்தார். கடைகள் நிறைந்தன. வெளியூர் வெங்காயமும் மிளகாயும் வந்து இறங்க, எங்கள் விலை விழுந்தது. பாண் வரிசை மறைந்தது. அந்த மதிலில் இருந்து கதை கேட்ட பழக்கமும் அதோடு போயிற்று.

பிறகு போர். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. இரண்டு சொட்டுப் பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பல்கலைக்கழகம் போனது. அதனால்தான் 2022இல் தெற்கே வரிசைகள் நீண்டபோது, வடக்கில் பலர் "இதெல்லாம் நாங்கள் எப்பவோ கண்டதுதானே" என்றார்கள். அந்தச் சொல்லின் பின்னால் உள்ள காயம் எனக்குத் தெரியும். ஆனாலும் 2022 வேறு என்றுதான் சொல்வேன்.

எழுபதுகளில் உலகம் எங்கள் மேல் வந்து விழுந்தது, தொண்ணூறுகளில் போர். 2022ஐயோ பெரும்பாலும் மேசையில் இருந்து கையெழுத்திட்டே வரவழைத்தார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலும், பிறகு கொரோனாவும் உல்லாசப் பயண வருமானத்தைத் தின்றது உண்மை. ஆனால் 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்து, அரசின் வருமானத்தைத் தானே வெட்டிக்கொண்டது யார்? 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, நெல்லும் தேயிலையும் வாடிய பின் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது யார்? டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாயில் செயற்கையாகப் பிடித்து வைத்ததால், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்பிய காசு வங்கிக்கு வராமல் உண்டியல்காரர் கைக்குப் போயிற்று. கடன் வாங்கிக் கடன் கட்டிய நாடு, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது.

ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் முடிவில் 470. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பெற்றோல் வரிசையிலேயே மனிதர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். முச்சக்கர வண்டியை லீசிங்குக்கு எடுத்தவன் இரவெல்லாம் வரிசையில் படுத்து, பகலில் அந்தப் பெற்றோல் தீரும்வரை ஓடி, மறுபடி வரிசைக்கு வந்தான். லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே நாளில் 340 ஆனது; எங்கள் கரையோரத்துச் சிறு படகுகள் மணலிலேயே கிடந்தன. மார்ச்சில் கைக்குழந்தைகளோடு 16 பேர் கடல் கடந்து தனுஷ்கோடிப் பக்கம் போய் இறங்கினார்கள், இம்முறை குண்டுக்குப் பயந்து அல்ல, அரிசி விலைக்குப் பயந்து.

பழைய வரிசையில் நின்றவர்கள் வீட்டுக்குப் போனால் ஒரு கிழங்காவது அடுப்பில் இருந்தது. புதிய வரிசையில் நின்றவர்களுக்கு எரிவாயு இல்லையென்றால் அடுப்பே இல்லை. மாடிக் குடியிருப்பில் விறகு எங்கே மூட்டுவது? மின்வெட்டில் கிணற்று மோட்டர் ஓடாது, வாளியும் கயிறும் எப்போதோ போய்விட்டன. கையில் நல்ல தொலைபேசி இருந்தது. கப்பல் வந்துவிட்டதா என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கியூஆர் குறியீடு வந்து வரிசையை ஒழுங்காக்கியது. அது நல்ல ஏற்பாடுதான், நானும் நன்றியோடு பயன்படுத்தினேன். ஆனால் அந்த ஆண்டில் வழங்கப்பட்ட கடவுச்சீட்டுகள் 9 லட்சத்துக்கும் மேல். மருத்துவர்களும் தாதியரும் போய்விட்ட வார்டுகளில் நோயாளிகள் காத்திருந்தார்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் உட்பட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் வரிசையில் நின்ற எவருக்கும் ஒரு சதம் இழப்பீடு வரவில்லை. ஒத்திவைக்கப்பட்ட கடன்களைத் திருப்பிக் கட்டுவது 2028இல் மறுபடி தொடங்குகிறது. அதற்கிடையில் தேர்தல்கள் வரும், மேடைகளில் வரிக்குறைப்பு வாக்குறுதிகளும் வரும். அன்றைக்குக் கைதட்டுவதற்கு முன், குறைகிற காசை எந்த வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள்.