பந்தும் பரீட்சையும்

கேள்வி: அமெரிக்கன் கல்லூரியில் படிக்கும் என் மகன் சதா பந்தை உதைக்கிறான், பரீட்சை அவனை உதைத்துவிடாதா? (வாசகர், கோரிப்பாளையம், மதுரை)

பதில்: கல்கத்தாவில் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரி மாணவராக இருந்துகொண்டே மோகன் பகான் அணியில் ஆடி, 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர பாரதத்தின் கால்பந்து அணிக்குத் தலைமை வகித்து, வீரர்களில் பெரும்பாலோர் பாதரட்சையின்றியே ஆடிய அந்த ஆட்டத்தில் பிரான்ஸிடம் 2-1 என்று மயிரிழையில் தோற்றுத் திரும்பிய நாகர் குலத் திலகம் தாலிமெரென் ஆவ், பின்னர் டாக்டராகித் தம் மலைநாட்டு ஜனங்களுக்கே சேவை செய்தாரே, அவரை எந்தப் பரீட்சை உதைத்தது?

அன்று நாம் தவறவிட்டவை இரண்டு பெனால்டி உதைகள். அவற்றை எண்ணினால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. தங்கள் புத்திரனைப் பெனால்டி உதையைப் பழகச் சொல்லுங்கள்.