எதற்கும் இருக்கட்டும்

பெங்களூருக்குக் கடல் இல்லை என்பதை இந்நகரத்தார் ஒரு குறையாக ஆண்டு முழுவதும் நினைத்து வருந்துவதில்லை. ஆனால் தசரா முடிந்து, டிசம்பர் மாத நாள்காட்டியை ஆவலோடு புரட்டும் பருவம் வந்துவிட்டால், மூவாயிரம் அடி உயரத்துப் பீடபூமியில் சுகமாக வாசம் செய்துகொண்டிருக்கும் குடும்பஸ்தர்கள் பலருக்கும் ஏககாலத்தில் சமுத்திர தரிசனத்தின் மீது மோகம் பிறந்துவிடுகிறது. கோவாவா, கோகர்ணமா, புதுச்சேரியா என்பதைச் சாதாரண மனிதர் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் தீர்மானித்துவிடுவார். நான் இங்கே அறிமுகம் செய்யப்போகும் கனவானும் அதில் தாமதம் செய்வதில்லை. கோவா என்று முடிவாகி, விமான டிக்கெட்டும் வாங்கியாகிவிடுகிறது. அவருடைய மெய்யான விடுமுறை அதற்குப் பிறகுதான், "அங்கே போய் ஒரு கார் வாடகைக்கு எடுத்துக்கலாமா, வேண்டாமா?" என்ற கேள்வியோடு ஆரம்பமாகிறது.

இவர் அல்சூர் ஏரிக்கு அருகில் மூன்று தலைமுறையாக வசிக்கும் தமிழ்க் குடும்பத்தவராக இருக்கலாம். திருச்சியிலிருந்து உத்தியோக நிமித்தம் வந்து ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறியவராகவும் இருக்கலாம். எவராயினும் லட்சணங்கள் ஒன்றே. நாற்பதைத் தாண்டிய வயது. மென்பொருள் கம்பெனியில் பிறர் எடுத்த முடிவுகளைப் பரிசீலனை செய்யும் பதவி. எதைப் பிரஸ்தாபித்தாலும் "இதுல ரெண்டு பக்கமும் பார்க்கணும்" என்று தொடங்கும் சுபாவம். பதிவான வாகனங்களின் தொகை 1 கோடியைத் தாண்டிவிட்ட இந்நகரத்தில் ஒரு வாகனம் இவருடையது. சில்க் போர்டு சந்திப்பில் கிளச்சையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்துக்கொண்டு, முன்னால் நிற்கும் லாரியின் முதுகில் எழுதியிருப்பதைப் பாராயணம் செய்வதிலேயே ஆயுளின் கணிசமான பகுதியைக் கழித்துவரும் இவர், நான்கு நாள் விடுமுறையிலாவது ஸ்டியரிங்கைத் தொடாமலிருக்க ஆசைப்படுவார் என்று நாம் எண்ணினால், இவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்றே பொருள்.

முதலில் கணினியில் எக்ஸெல் ஏடு ஒன்று திறக்கப்படுகிறது. வாடகை, பெட்ரோல், டெபாசிட், பார்க்கிங் என்று கட்டங்கள் வளர்கின்றன. கோவாவில் விமான நிலையங்கள் இரண்டு: பழைய டபோலிம் ஒன்று, 2023 ஜனவரியில் விமானப் போக்குவரத்து தொடங்கிய மோபா மற்றொன்று. மலிவான டிக்கெட் வடகோடியிலுள்ள மோபாவுக்குக் கிடைத்தது. மலிவான அறையோ தென்கோடியிலுள்ள பாலோலெமில் கிடைத்தது. இரண்டு சிக்கனங்களுக்கும் இடையே கோவா மாநிலம் முழுவதும் நீண்டு படுத்திருப்பதை இவர் தாமதமாகவே கவனித்தார். பெங்களூரில் கைபேசியைத் தட்டினால் வந்து நிற்கும் ஓலாவும் ஊபரும், உள்ளூர் டாக்ஸிக்காரர்களின் எதிர்ப்பினால் அங்கே காலூன்றவில்லை என்பது அடுத்த அதிர்ச்சி. பயணியைப் பின்னால் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள் டாக்ஸி கோவாவில் பிரசித்தம். அதை ஓட்டுபவருக்கு 'பைலட்' என்று பெயர். நியாயவானாகிய நம்மவர் அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார். தம் மாமியாரைப் பைலட்டின் பின்னால் மனக்கண்ணில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார்.

பொருளாதாரம் முடிந்ததும் சட்டம் தொடங்கிற்று. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு விடுவது விதிமீறல். இவ்வளவு தெரிந்தாலே ஒரு பிரயாணிக்குப் போதும். இவரோ 1989-இல் மத்திய அரசு வகுத்த வாடகை மோட்டார் வண்டித் திட்டத்தையே தேடிப் படித்து, குறைந்தது 50 வண்டிகள் உடையவருக்கே அதன்படி உரிமம் உண்டு என்று கண்டுபிடித்து, பாலோலெமில் நான்கே கார்களை வைத்துப் பிழைக்கும் ஓர் இளைஞனைத் தொலைபேசியில் அழைத்து, மீதி நாற்பத்தாறும் எங்கே என்று மரியாதையாக விசாரித்தார். அந்த இளைஞன் இவரைப் போக்குவரத்து இலாகா அதிகாரி என்று எண்ணி, இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை.

அந்த இரண்டு நாள் இடைவெளியில் ஆராய்ச்சி வேறு திசையில் பாய்ந்தது. கோவாவில் கடற்கரை மணலில் வாகனம் ஓட்டத் தடை உண்டு. மீறி ஓட்டி மணலில் புதைந்து, அபராதம் கட்டித் திரும்பிய உல்லாசப் பிரயாணிகளின் கதைகள் அடிக்கடி பத்திரிகையில் வருகின்றன. மணலில் சட்டபூர்வமாகக் கார் ஓட்டக்கூடிய கடற்கரை, கேரளத்தில் கண்ணூருக்கு அருகில் முழப்பிலங்காடு என்ற ஊரில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கிறது. காரை எடுப்பதென்றால் அதற்குப் பூரணமான உபயோகம் அங்கேதானே உண்டு என்று தோன்றியதும், கடலுக்காகக் காரா, காருக்காகக் கடலா என்ற பேதமே மறைந்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் விடுமுறையே கண்ணூருக்கு மாற்றப்பட்டிருந்தது. இடனறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, தேருக்கு உரிய இடம் எது, கப்பலுக்கு உரிய இடம் எது என்று பிரித்துச் சொன்ன திருவள்ளுவர் அந்த அல்சூர் ஏரிக்கரையில்தான் 2009 முதல் சிலையாக அமர்ந்திருக்கிறார். போகும் வழியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்தச் சமயத்தில் மாமியார் வாய்திறந்தார். "மாப்பிள்ளை, அவ்வளவு தூரம் போறோம், கோகர்ணம் பக்கத்துலதானே இருக்கு? ஒரு தடவை சுவாமியைப் பார்த்துட்டு வந்துடலாமே." சம்பந்தரும் அப்பரும் பாடிய துளுவ நாட்டுத் தலம், பாலோலெமிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கார் வேண்டும் என்ற கட்சிக்குத் தெய்வமே சாட்சி சொல்ல வந்ததுபோல் இவர் பூரித்துப்போய் இளைஞனை மறுபடி அழைத்தார். அவன் கர்நாடக எல்லையைத் தன் கார் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டான். கர்நாடகத்திலிருந்து கோவாவுக்குப் போய், அங்கே எடுத்த காரில் கர்நாடகத்துக்குள் வர முடியாது என்ற நிலைமையை இவர் ஒரு வாரம் தியானித்தார். அதற்குள் கிறிஸ்துமஸ் நெருங்கி, எக்ஸெல் ஏட்டில் எழுதியிருந்த வாடகை முழுவதும் பூர்வகாலச் சரித்திரமாகிவிட்டது. இறுதியில், அதிக வாடகைக்கு, காரணங்களெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகு, கார் எடுக்கப்பட்டது.

காரைப் பெற்றுக்கொண்ட வைபவம் தனியே வர்ணிக்கத் தக்கது. ஏற்கெனவே உள்ள கீறலுக்குத் தம்முடைய டெபாசிட் பலியாகிவிடக் கூடாது என்பதற்காக, நான்கு கதவுகள், இரண்டு பம்பர்கள், கூரை, சக்கரம், பெட்ரோல் முள் அனைத்தையும் கைபேசியில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு டொக்குக்கும் வாய்மொழியாக வியாக்கியானமும் செய்துகொண்டு இவர் வலம் வந்து முடிப்பதற்குள், மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகளும் பக்கத்துக் கடையில் ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், கால் நனைத்துவிட்டு, இளநீரும் குடித்துத் திரும்பியிருந்தார்கள்.

"ஏங்க, கடல் இதோ எதிர்லயே இருக்கு. ஊர் சுத்த ஸ்கூட்டர் இருக்கு. கோகர்ணத்துக்கு நானும் அம்மாவும் ரயில்ல போயிட்டு வர்றோம். இந்தக் கார் எதுக்குங்க?"

"எதற்கும் இருக்கட்டும்."

இந்த ஒரு வாக்கியம்தான் இவருடைய சித்தாந்தம். மறுநாள் மனைவியும் மாமியாருமாகக் கானகோனாவில் கொங்கண் ரயில் ஏறிக் கோகர்ணம் ரோடு நிலையத்தில் இறங்கி, சுவாமி தரிசனம் செய்து, பிரசாதத்தோடு இரவே திரும்பினார்கள். காரோ தென்னை மரத்தடியில் நின்றது. தேங்காய் விழுந்தால் டெபாசிட் என்ன ஆகும் என்ற கவலையால் இவர் அதை வேறு நிழலுக்கு மாற்றினார். அங்கேயும் அண்ணாந்து பார்த்தபோது தென்னையே தெரிந்தது. அந்த நாட்களில் கார் ஓடிய தூரத்தில் பெரும்பகுதி, மரத்துக்கு மரம் மாறியதுதான்.

ஆயினும் இவரை நாம் அறவே பரிகசித்துவிடுவது நியாயமாகாது. பெங்களூரில் புறப்பட வேண்டும் என்று துடிக்கும்போது இவரால் நகர முடிவதில்லை. கோவாவில் தடையின்றி நகர முடிந்தபோது புறப்பட விருப்பமில்லை. இவர் வாடகை கொடுத்து வாங்கியது காரை அன்று; நினைத்த கணத்தில் எழுந்து போய்விடலாம் என்ற நிம்மதியை. கைபேசி மூலம் பதிவு செய்து, காரை எடுத்து நாமே ஓட்டிப் போகும் வியாபாரத்தை நடத்தும் ஜூம்கார் 2013-இல் இந்தப் பெங்களூரிலேதான் பிறந்தது என்பதில் வியப்பென்ன? அசையாத சாலையில் அமர்ந்திருப்பவருக்கு, அசையக்கூடும் என்ற எண்ணத்தை விற்பதைக் காட்டிலும் சிறந்த வாணிபம் வேறு இல்லை.

டெபாசிட் முழுவதும் திரும்பி வந்தது. அந்தப் பெருமிதத்தோடு இவர் ஊர் வந்து சேர்ந்த மறுநாள், அடுத்த வீட்டுக்காரர் லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"சார், பொங்கலுக்குப் பாண்டிச்சேரி போறோம். அங்கே கார் எடுக்கலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

"எத்தனை பேர்?"

"நானும் வீட்டுக்காரியும்தான்."

"கடற்கரையிலேயே ரூம் போடுங்க. கார் வேண்டவே வேண்டாம்."

லிஃப்ட் கதவு திறப்பதற்குள் பிறந்துவிட்டது தீர்ப்பு. ஒரு மாத காலம் ஆய்ந்து தேர்ந்த பண்டிதர் இத்தனை சுருக்கமாகச் சொன்னதை நம்பலாமா என்ற சந்தேகம் அடுத்த வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அவர் வேறு நான்கு பேரிடம் விசாரிக்கப் புறப்பட்டார்.