மறதியியல்: புணர்ச்சிப் படலம், உரையுடன்

நூற்பா 1: மலைநாட்டு மறதி மூவகைப்படும், மஞ்சால், மனத்தால், புரதத்தால் என.

உரை: மஞ்சால் வருவது, தொட்டபெட்டாவில் மேகம் இறங்கியதும் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடுவது, வெயில் வந்தால் தீரும். மனத்தால் வருவது, வாங்கிய கடனை மட்டும் மறப்பது. கொடுத்தவர் வாசலுக்கு வந்தால் தீரும். மூன்றாவது, அல்சைமர் நோய், தானாகத் தீராது. இந்நூல் அதற்கே.

நூற்பா 2: நிலைமொழி வருமொழிபோல் இரு நரம்பணு கூடுமிடம் புணர்ச்சி.

உரை: மருத்துவர் இதை சினாப்ஸ் என்பர். நடுவிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. இக்கரையில் குளூட்டமேட் சுரக்கும். அக்கரையில் முள்போல் நீண்ட முனையிலுள்ள ஏற்பிகள் அதை வாங்கிக்கொள்ளும். அடிக்கடி புழங்கும் புணர்ச்சி வலுப்படும். நினைவு என்பது பெரும்பாலும் அவ்வலுவே.

நூற்பா 3: விகாரம் மூன்றே, தோன்றல், திரிதல், கெடுதல்.

உரை: தோன்றலாவது, நரம்பணுச் சவ்வின் பெரிய புரதமொன்றை இரண்டு நொதிகள் வெட்ட, அமிலாய்டு பீட்டா என்னும் துண்டு பிறப்பது. 40 அமினோ அமிலம் கொண்டதைவிட 42 கொண்டது எளிதில் ஒட்டிக்கொள்ளும். இது நால்வகை: தனியன், கூட்டாளி, இழையன், திட்டு. தனியன் எல்லார் மூளையிலும் உண்டு. திட்டு, 1906இல் அலாய்ஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் கண்டு சொன்னது. கண்ணில் பட்ட பாவத்துக்கு நெடுங்காலம் முழுப் பழியையும் சுமந்தது. அதனினும் பொல்லாதவன் ஆலிகோமர் எனப்படும் கூட்டாளி. கரைந்து மிதந்து வந்து புணர்ச்சியில் ஒட்டி, ஏற்பிகளைக் குறைத்து, வலுப்படுவதைத் தடுப்பான். அணு சாகவில்லை, பேச்சு மட்டும் நின்றுவிடும்.

திரிதலாவது, அணுவுக்குள் நுண்குழாய்களைத் தாங்கும் டௌ புரதம், பாஸ்பேட் மிகுந்து கழன்று முறுக்கிக்கொள்வது.

கெடுதலாவது, புணர்ச்சியே மறைவது. முள்முனையைத் தாங்கும் ஆக்டின் இழைகள், திட்டு தோன்றுமுன்பே கலைவதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2018இல் எலிகளிடம் காட்டினர்.

எடுத்துக்காட்டு: குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மூதாட்டி. நுவரெலியாவில் கொழுந்தெடுத்த மலையின் நம்பரைத் தட்டாமல் சொல்வார். "அப்பாயி, சோறு தின்னாச்சா?" என்று பேத்தி கேட்டால், "எங்க, யாரும் போடலயே" என்பார், கழுவி வைத்த தட்டில் ஈரம் காய்ந்திருக்காது. புது நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸ் வட்டாரத்தில்தான் கேடு முதலில் தொடங்குகிறது. நுவரெலியாவோ எப்போதோ மூளைப் புறணியெங்கும் பரவிக் குடியேறிவிட்டது.

தடை: 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் ஒருகாலத்தில் ஆட்டு மூளையிலிருந்தே வெறிநாய்க்கடி தடுப்பூசி எடுத்ததே, மனித மூளைக்கு ஒரு மருந்து அகப்படாதா?

விடை: அகப்பட்டது, அரையளவு. 2023இல் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெகானெமாப், கூட்டாளிக்கும் இழையனுக்கும் இடைப்பட்டவனைப் பிடிப்பது. ஆரம்பநிலை நோயாளிகளிடம் 18 மாதத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. நிற்கவில்லை, கெட்ட புணர்ச்சி மீளவுமில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்கவேண்டும்.

புறனடை: "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுவது வழு. இதற்கு வழுவமைதி கிடையாது. பி12 குறைவும் தைராய்டுக் குறைவும் மூன்றாம் வகையின் வேடம் கட்டி வரும். அவை ஊசிக்கும் மாத்திரைக்கும் பெரும்பாலும் அடங்குபவை. எனவே வகை பிரிக்கும் வேலையை எம்போன்ற புலவரிடம் ஒப்படையாது, ரத்தப் பரிசோதனையிடமும் நரம்பு மருத்துவரிடமும் ஒப்படைக்க.