தலைவர் வீட்டுக்காரருக்கு ஒரு குடம்

கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது ஜல் ஜீவன் திட்டம். தண்ணீர் வராத அன்று காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காருவதோ முழுக்க முழுக்கப் பெண்கள். இதற்குச் சட்டமும் தேவைப்படவில்லை, அரசாணையும் தேவைப்படவில்லை. “நீ எந்திரி, உனக்குப் பதிலா நான் உட்காருறேன்” என்று எந்த ஆம்பளையும் அங்கே வந்ததாகக் கேள்வி இல்லை.

கடலூர் மாவட்டம் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் எந்தக் கிழவியையும் கேளுங்கள். எந்த போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, எந்தத் தெருவின் கடைசிக் குழாயில் காற்று மட்டும் வரும், எல்லாம் சொல்லுவாள். போர் போட்ட பில் எவ்வளவு? அது ஆண்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தரச் சொல்கிறது திட்டம். நல்லது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று அவர்கள் சொல்லலாம். குழாயை எந்தத் தெருவில் முதலில் பதிப்பது என்று சொன்னால் மட்டும், “உனக்கென்னம்மா தெரியும்?”

2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. ஆண்கள் பதறினார்களா? ‘தலைவர் வீட்டுக்காரர்’ என்று ஒரு பதவியை உண்டாக்கிக்கொண்டார்கள். டெபாசிட் கட்ட வேண்டாம், தாலி கட்டியிருந்தால் போதும். மனைவியை விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைபோல் மேடையில் வைத்துவிட்டு, மைக்கைத் தான் பிடித்துக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் சத்தீஸ்கரின் பரஸ்வாரா ஊராட்சியில் 6 பெண் உறுப்பினர்களுக்குப் பதில் கணவர்களே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். நாம் நாகரிகமானவர்கள். பிரமாணம் வரைக்கும் பொறுத்திருப்போம்.

வீட்டுக்காரர் மட்டும்தானா? இதே கடலூர் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில், 2020இல், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரியைத் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி. படம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான் வழக்கு, கைது, பணியிடை நீக்கம். படம் எடுக்க ஆளில்லாத ஊர்களில் தரை இன்னும் காலியாகவில்லை.

நாற்காலி வாங்கித் தரக் கலெக்டர் போதும். தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்தால்? ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. துணைத்தலைவர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டால் தொட்டி வறண்டது வறண்டதுதான். அவரை யாரும் கேட்கமாட்டார்கள். “பொம்பள நிர்வாகம்னா இப்படித்தான்” என்று டீக்கடை தீர்ப்பு எழுதிவிடும்.

2025 ஜனவரி 5இல் இந்த மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வைக்காமல் தனி அலுவலர்களை உட்கார வைத்தது அரசு. தலைவரம்மா வீட்டுக்குப் போனார். வீட்டுக்காரருக்கு ஏது பதவிக்காலம்? ஒப்பந்தக்காரர் இன்றைக்கும் “வாங்க தலைவரே” என்கிறார், அவரும் கூசாமல் வருகிறார்.