வைரஸுக்குத் தாலி தெரியாது

புளியங்குளம் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களே, ஒரு நற்செய்தி. ஒழுக்கமாக இருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அண்டாதாம். சொன்னது சாத்திரி இல்லை, சீருடை போட்ட சுகாதார ஊழியர் ஒருவர்.

ஹரால்ட் ட்சூர் ஹவுசன் என்ற ஜெர்மன்காரருக்கு இந்த ஞானம் வாய்க்கவில்லை. 1983இல் மனித பப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கண்டுபிடித்தார். இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதம் அவை இரண்டாலும் வருகிறது. 2008இல் நோபெல் பரிசும் கொடுத்தார்கள். வீண்வேலை! ஊரில் நாலு பேரிடம் நோயாளியின் நடத்தையை விசாரித்திருந்தாலே போதும்.

ஒரே ஒருவனோடு வாழ்ந்தவளுக்கும் இந்த வைரஸ் தொற்றலாம். அந்த ஒருவன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்று கேட்கும் படிவத்தை மட்டும் எவரும் அச்சடிக்கவில்லை.

2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி இலவசம். வைரஸ் வருமுன் போட்டால்தான் முழுப்பலன், அதனால்தான் அந்த வயது. சொல்ல அரை நிமிடம் ஆகாது. தாய் கேட்டால் வருகிற பதிலோ, “மேலிடத்து உத்தரவு, கையெழுத்து வையுங்கோ.”

35 வயதில் இந்தப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனை என்று திட்டத்தில் இருக்கிறது. போனவளிடம், “அவர்தான் இல்லையே, உங்களுக்கு ஏன் அக்கா இது?” வரிசை முழுக்கக் கேட்கிற குரலில்! 2009 போரில் கணவனைப் பறிகொடுத்தவளிடமா இந்தக் கேள்வி? தொற்று புற்றாக முற்றப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட எடுக்கும். கணக்குப் போடுங்கள், மிஸ். அவன் போனாலும் அவன் தந்துவிட்டுப்போன கிருமி போயிருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வன்னியின் விதவைகளுக்கு ஆபத்தான காலமே இதுதான். அவர்களைத்தான் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

வெயிலில் ஸ்கூட்டியில் வீடுவீடாகத் திரியும் மருத்துவமாதுவைத் திட்ட எனக்கு வாய் வராது. அவருக்கே ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்காமல் பதாகை பிடித்துப் படம் எடுக்கச் சொன்ன மேலிடம் இருக்கிறதே, கோபமெல்லாம் அங்கேதான். “நீங்கள் இந்தப் பரிசோதனை செய்தீர்களா, மிஸ்?” என்று மருத்துவமாதுவிடம் கேட்டுப் பாருங்கள். “சீ, எனக்கெதுக்கு!”

கட்டி முற்றிய பிறகு தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குத் துண்டு எழுதிக் கொடுக்க மட்டும் இவர்களில் ஒருவருக்கும் வெட்கமில்லை.