ஒரே வார்த்தையில் உலகம்

ரயிலேறப் போவதுமில்லை, ரயிலில் எவரும் வருவதுமில்லை என்றாலும், மாலை வேளையில் பிளாட்பார பெஞ்சில் வந்து வீற்றிருந்து, பூமண்டலத்திலுள்ள சகல தேசங்களையும் தேசத்துக்கு ஒரு வார்த்தை வீதம் முடித்துவைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போடும் சர்வக்ஞர் ஒருவர் எங்கள் ஜில்லாவில் அநேக ஊர்களில் உண்டு. கல்லிடைக்குறிச்சியில் அவருக்கு அண்ணாச்சி என்று பெயர்.

"சுவிட்சர்லாந்தா? கெடியாரம். ஜப்பானா? பூகம்பம். ஆஸ்திரேலியாவா? கங்காரு. அம்புட்டுதான் வே!" என்று அவர் மூன்று தேசங்களைத் தீர்த்துக்கட்டுவதற்குள், புறப்பட்ட செங்கோட்டை வண்டி அடுத்த ஸ்டேஷனான அம்பாசமுத்திரத்தை எட்டியிராது. சுற்றுவட்டாரமும் தப்பவில்லை: பத்தமடை என்றால் பாய், கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், திருநெல்வேலி என்றால் அல்வா. அந்த அல்வாவுக்குக் கீர்த்தி தேடித்தந்த இருட்டுக்கடைக் குடும்பத்தின் பூர்வீகம் ராஜஸ்தானம் என்பதையும், நெல்லும் வாழையுமாகச் செழித்துக் கிடக்கும் தாமிரபரணிக் கரையில் அல்வாவுக்கு வேண்டிய கோதுமை பயிராவதில்லை என்பதையும் எவரேனும் எடுத்துச் சொன்னால், அண்ணாச்சிக்குச் சற்றே காது மந்தமாகிவிடும்.

இப்படிப்பட்டவரிடம், கிராசிங்குக்காக நின்ற வண்டியின் ஜன்னலிலிருந்து ஒரு சென்னைப் பையன், பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, "ஓ, அப்பள ஊரா?" என்று கேட்டுவிட்டான்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "என்ன தம்பி, பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீய!" என்று தொடங்கியவர், முத்துசுவாமி தீட்சிதர் இவ்வூர் வராகப் பெருமாள்மீது ஆபோகியில் 'ஸ்ரீ லக்ஷ்மீ வராஹம்' பாடியதையும், தீட்சிதர் கீர்த்தனங்களைப் பேணிப் பரப்பிய வேதாந்த பாகவதர் இவ்வூர்க்காரர் என்பதையும், கன்னடியன் கால்வாயின் பெருமையையும் மூச்சுவிடாமல் அடுக்கி, குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் களவுபோன நடராஜர், 2001-இல் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்துக்கு விலைபோய், 2019-இல் திரும்பிவந்த வரலாற்றுக்கு வந்து சேர்ந்தபோது, வண்டி ஊதிவிட்டது. வரலாறு பாக்கியிருந்தபடியால் அண்ணாச்சியும் ஜன்னலைப் பிடித்தவண்ணம் கூடவே நடந்தார். (அவர் அப்பத்தா அந்தக் காலத்தில் அப்பளத்துக்கு உளுந்துமாவு இடித்தவள் என்பதை மட்டும், நேரமின்மையாலோ என்னவோ, சொல்லாமல் விட்டார்.)

பையன் பவ்வியமாகக் கேட்டான்: "அடிலெய்டு எந்த தேசத்தில் இருக்கு அண்ணாச்சி?"

"ஆஸ்திரேலியா."

"கங்காரு தேசந்தானே? அங்கே நம்ம சாமிக்கு என்ன வேலை?"

வண்டி வேகமெடுத்தது. திரும்பிவந்து பெஞ்சில் அமர்ந்த அண்ணாச்சி வெகுநேரம் யோசித்து, வெற்றிலையைக்கூடத் தொடாமல், தமது வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு திருத்தம் வெளியிட்டார்: "ஆஸ்திரேலியான்னா கங்காரு, கூடவே, திருட்டுச் சொத்தத் திருப்பிக் கொடுக்குத யோக்கியம்." ஜப்பானும் சுவிட்சர்லாந்தும் இன்னும் பரிசீலனைக்கு வரவில்லை.

கல்லிடைக்குறிச்சிக்கு வரும் வாசகர்கள் அப்பளம் தாராளமாக வாங்கலாம், சரக்கு நயமானது. பிளாட்பாரத்தைக் கடக்கும்வரை பொட்டலம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.