விரல் நுனிக்கு எந்தக் கிற்றார்?

கேள்வி: பிக் இல்லாமல், விரல்களாலேயே மீட்டிப் பழக ஆசை. எந்தக் கிற்றாரை வாங்கலாம், ஐயா?
– வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை

பதில்: முதலில், கடையில் முன்வரிசையில் நிற்கும் ட்ரெட்நாட்டைக் கடந்து போங்கள். 1906இல் கடலில் இறங்கிய பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரை, 1916இல் மார்ட்டின் நிறுவனம் தன் பெருத்த கிற்றாருக்கு வைத்தது. கூட்டுப் பாட்டுக்கு அதன் முழக்கம் வேண்டும். தனி விரலுக்கு வேண்டாம். 1957 வரை பிரித்தானியக் கடற்படையைத் தாங்கிய துறைமுகத்துக்காரருக்குப் போர்க்கப்பலின் பருமனைச் சொல்லவா வேண்டும்!

இடுப்பு ஒடுங்கிய ஓஎம் அல்லது கொன்சேர்ட் வடிவத்தை மடியில் வைத்துப் பாருங்கள். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் அமரும் 'நட்' 44, 45 மில்லிமீற்றர் அகலம் இருந்தால் விரல்கள் முட்டிக்கொள்ளா. மேற்பலகை சீடர் மரமென்றால் மெல்லிய தொடுகைக்கே வாய் திறக்கும். விலையைவிட இந்த மூன்றையும் பெரிதாக எண்ணுங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்று உருக்குத் தந்தியைத் தின்றுவிடும். பூச்சிட்ட தந்தி போடுங்கள், வாசித்ததும் துடையுங்கள். மாரியில் மரம் ஊதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இருக்கட்டும்.

வாங்குமுன் பாலையூற்றுப் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டத்தில் கஃப்ரிஞ்ஞா கேட்டுவிடுங்கள். தாளம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.